மூட்டுக்கு ஒரு கொப்பி, தோலுக்கு ஒரு கொப்பி

அம்மாவுக்கு வந்திருக்கும் நோயின் பெயர் மல்டிசென்ட்ரிக் ரெட்டிகுலோஹிஸ்டியோசைட்டோசிஸ். உலகம் முழுவதிலும் மருத்துவ ஏடுகளில் இதுவரை எழுதப்பட்டவர்கள் சில நூறு பேர்தான். ஆகவே இதை வாசிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இந்த நோய் இருக்கப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கண்ணாடி முன்னால் போய் நின்று காதைத் தடவிப் பார்க்க வேண்டாம். ஆனால் மூட்டும் தோலும் சேர்ந்தே கெடுகிற நோய்கள் வேறு பல இருக்கின்றன. லூபஸ், சொரியாசிஸோடு வரும் வாதம், ஸ்கிளெரோடெர்மா, தசையையும் தோலையும் பிடிக்கிற டெர்மடோமயோசைட்டிஸ். எல்லாவற்றிலும் நோயாளி மூட்டு கிளினிக், தோல் கிளினிக் என்று இரண்டு வாசல்களில் வரிசை நிற்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் எங்கள் தேயிலை மலைநாட்டில் அந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் சில மணி நேர பஸ் ஓட்டமும், போகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் பேரின், அதாவது நாட்சம்பளத்தின், இழப்பும் இருக்கின்றன. நோய் அரிது, அலைச்சல் அரிதல்ல. அந்த அலைச்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம். அம்மா பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்தெடுக்க மலைக்குப் போகத் தொடங்கியவர். நோய் தொடங்கியபோது நாற்பதுகளின் நடுவில் இருந்தார். நான் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன்.

கொழுந்தெடுப்பது முழுக்க விரல் நுனி வேலை. கைப்பலம் கூடையைச் சுமக்கத்தான். கொழுந்தை ஒடிப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற அந்த நுனி. அம்மாவுக்கு முதலில் வீங்கியது அங்கேதான், நகத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிற கடைசி மூட்டு. "வெரலு நுனி சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது புள்ள" என்றார். காலையில் எழுந்ததும் கை மடங்காது. வெந்நீரில் வைத்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துப் பிடித்து, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போகிற நேரத்துக்குள் ஓரளவு இளகும். எங்கள் தோட்டத்தில் அப்போது 18 கிலோ எடுத்தால் முழுப்பேர். அம்மா எப்போதும் அதற்கு மேல் எடுத்துக் கைக்காசும் (மேலதிகக் கூலியும்) வாங்குகிறவர். பிறகு முழுப்பேருக்கே இழுபறியாகி, அரைப்பேர் விழ ஆரம்பித்தது. நிறுவையில் கொழுந்து குறைகிறது என்பதுதான் எங்கள் வீட்டில் முதலில் பதிவான நோய்க்குறி. கங்காணி கூட டொக்டருக்கு முந்திக் கண்டுபிடித்துவிட்டார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோலும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் சொன்னது ஒன்றே: பனியிலும் மழையிலும் நின்ற கை, வாதம் பிடித்துவிட்டது. மலைக்குப் போகிற பெண்களில் கை வலிக்காதவர் யார்? அதனால் அந்தப் பேச்சை யாரும் மறுக்கவில்லை. சிங்கள வெதமாத்தயா (நாட்டு வைத்தியர்) ஒருவர் எண்ணெய் பூசி, இலை வைத்துக் கட்டினார். சுகமாக இருந்தது என்று அம்மா சொன்னார், இருந்திருக்கும். வீக்கம் மட்டும் இறங்கவில்லை. கொஞ்ச நாளில் முழங்காலும் தோள்மூட்டும் சேர்ந்துகொண்டன.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈ.எஸ்.ஆர்., அதாவது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு, கூடியிருந்தது. ருமட்டோயிட் ஃபெக்டர் என்ற பரிசோதனையில் ஒன்றும் இல்லை. "வாதம் இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். நோயே இல்லை என்று எங்கள் காதில் விழுந்தது அது. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனை ருமட்டோயிட் வாதம் உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்காவது இல்லை என்றுதான் வரும். சொரியாசிஸ் வாதத்தில் பெரும்பாலும் வராது. அம்மாவின் நோயிலும் பெரும்பாலும் வராது. மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், இரத்தத்தில் என்ன வந்தாலும் வராவிட்டாலும் அந்த மூட்டுக்கு விளக்கம் வேண்டும். "அப்படியென்றால் இந்த வீக்கம் எதனால், டொக்டர்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.

எந்த மூட்டு முதலில் என்பதற்கும் அர்த்தம் இருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. ருமட்டோயிட் வாதம் வழக்கமாக மணிக்கட்டையும், விரல் தொடங்குகிற மொளியையும், நடு மூட்டையும் பிடிக்கும். நகத்துக்குப் பக்கத்திலுள்ள கடைசி மூட்டை விட்டுவிடும். கடைசி மூட்டைப் பிடிப்பவை வேறு ஆட்கள்: வயதால் வரும் தேய்மானம், சொரியாசிஸ் வாதம், இன்னும் சில. அம்மாவின் கிளினிக் கொப்பியில் "கை மூட்டு வலி" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது மூட்டு என்று யாரும் எழுதவில்லை.

தோல் கதை ஒரு வருடத்துக்கும் பிறகு தொடங்கியது. நக வேரைச் சுற்றிச் சிறிய மொட்டுக்கள். பிறகு விரல் மொளிகளின் மேல் கொஞ்சம் பெரிதாக, செம்பழுப்பு நிறத்தில். பிறகு காது மடலில், மூக்கோரத்தில், நெற்றியில். சில நாள் அரிக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தேயிலைக்கு அடிக்கிற மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். நினைக்கக் காரணமும் இருந்தது. கையுறை இல்லாமல் மருந்தடித்த மலையில் நின்று புண் வாங்கியவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் மருந்தால் வருகிற தோல் வருத்தம் பட்ட இடத்தில் வரும், சிவந்து உரியும், வேலைக்குப் போகாவிட்டால் தணியும். இது எதற்கும் தணியவில்லை.

தோல் கிளினிக்குக்குத் துண்டு கிடைத்தது. அங்கே ஒரு புதுக் கொப்பி. மூட்டுக்கு ஏற்கெனவே ஒரு கொப்பி இருந்தது, வேறு நாள், வேறு கட்டடம். தோல் அறையில் அரிக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்கள். மூட்டு அறையில் காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம் என்று கேட்டார்கள். அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர். தோல் டொக்டரிடம் கைவலியைச் சொல்வது, தேங்காய்க் கடையில் போய் மண்ணெண்ணெய் கேட்கிற மாதிரி அவருக்கு. மூட்டு கிளினிக்குக்குப் போகும்போது முந்தானையைக் காது மறைய இழுத்துப் போர்த்திக்கொள்வார். வெட்கம். ஆக ஒரு டொக்டர் முகத்தைப் பார்க்கவில்லை, மற்றவர் மூட்டைத் தொடவில்லை. இரண்டு அறையிலும் நல்லவர்களே இருந்தார்கள். ஒரு காலைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர்கள். ஒருவர் பூசுகிற ஸ்டீரொயிட் கிறீம் தந்தார், மற்றவர் வலி மாத்திரையைக் கூட்டினார்.

பாஷையும் ஒரு தடை. அம்மாவின் சிங்களம் கடைச் சிங்களம். விலை கேட்க, பஸ் கேட்கப் போதும். "அத ரிதெனவா" என்று கை வலியைச் சொல்லத் தெரியும். காலையில் அதிகம், பகலில் குறைவு என்பதையும், நுனி மூட்டு என்பதையும் சொல்ல வராது. அட்டெண்டன் ஒருவர் மொழிபெயர்த்தார். அம்மா நாலு வாக்கியம் சொல்ல, அவர் ஒரு சொல்லில் முடித்தார். அந்த ஒரு சொல்தான் கொப்பியில் ஏறியது.

இதற்கிடையில் லயத்தில் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. காது மடலில் கட்டி, முகத்தில் தடிப்பு, விரல் கோணுகிறது. பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய வியாதி, அதாவது தொழுநோய். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பீலியில் அம்மா தண்ணீர் பிடித்துவிட்டு வந்த பிறகுதான் மற்றவர்கள் குடத்தை வைத்தார்கள். கோயில் பொங்கலுக்கு அரிசி களைய வந்த அம்மாவை, "நீ ஒக்காரு அண்ணி, கை வலிக்கும்" என்று உட்கார வைத்தார்கள். அக்கறை மாதிரித்தான் இருந்தது. அம்மாவுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு தன் கோப்பையைத் தானே தனியாகக் கழுவி, தனி இடத்தில் கவிழ்க்கத் தொடங்கினார். என் பிள்ளையைத் தூக்குவதை நிறுத்தினார்.

தொழுநோயைப் பற்றி ஊருக்கு இருக்கிற பயம் பழைய பயம். ஒல்லாந்தர் காலத்தில் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளர்களுக்கென்று ஆஸ்பத்திரி கட்டி ஆட்களைப் பிரித்து வைத்ததிலிருந்து வருகிற பயம். இன்றைய நிலைமை வேறு. அது ஒரு கிருமியால் வருவது. நெருங்கி நெடுநாள் பழகினாலும் பெரும்பாலானவர்களின் உடம்பு அதைத் தானே எதிர்த்துவிடும். கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுத்தால் குணமாகும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குத் தொற்றாது. இலங்கையில் அந்த மருந்து இலவசம். இதையெல்லாம் நான் லயத்தில் வீடு வீடாகச் சொன்னேன். டீச்சர் தன் அம்மாவுக்காகப் பேசுகிறாள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பேச்சால் தீராது என்று தெரிந்த பிறகு, தோல் கிளினிக்கில் நானே கேட்டேன்: "இது தொழுநோயா என்று பார்த்துச் சொல்லுங்கள்." கேட்க வாய் கூசியது உண்மை. அங்கிருந்த டொக்டர் முகம் சுளிக்கவில்லை. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் பேனா நுனியாலும் கட்டியின் மேலும் பக்கத்திலும் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று காட்டச் சொன்னார். அம்மா ஒரு இடம் விடாமல் காட்டினார். முழங்கைக்கு உட்பக்கமும் கழுத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். காது மடலைக் கொஞ்சம் கீறி, கசிவைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சோதனைக்கு அனுப்பினார். கிருமி இல்லை என்று வந்தது. அந்த முடிவு எழுதிய தாளைப் பல பிரதி எடுத்தேன். ஒன்றைக் கோயில் தலைவரிடமே கொடுத்தேன். சந்தேகம் இருக்கிறவர்கள் தயவுசெய்து ஒளிக்காமல் இந்தப் பரிசோதனைக்குப் போங்கள். இருந்தால் மருந்து இருக்கிறது. இல்லையென்றால், எங்களுக்கு நடந்த மாதிரி, டொக்டர் அடுத்ததை யோசிக்கத் தொடங்குவார்.

உண்மையில் எல்லாம் திரும்பியது அங்கேதான். "அப்ப என்ன?" என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

கண்டிக்குப் போவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். பாடசாலையில் பிள்ளைகளின் வரவுப் பதிவு எழுதிப் பழகிய கை. ஒரு நீளத் தாளை எடுத்து, இடது பக்கம் மாதமும் வருடமும் எழுதி, ஒரு நிரலில் மூட்டு, அடுத்த நிரலில் தோல், அடுத்ததில் கொடுத்த மருந்து, கடைசியில் எடுத்த பரிசோதனை என்று நிரப்பினேன். தேதி நினைவில்லாத இடத்தில் தீபாவளிக்கு முன், மாசிமகத்துக்குப் பின் என்று வைத்துக் கணக்குப் பிடித்தோம். அம்மாவின் சம்பளத் துண்டுகள் பெட்டியில் இருந்தன. கொழுந்து நிறை எந்த மாதத்தில் இறங்கியது என்பதை அவையே சொல்லிவிட்டன. கையை வெள்ளைத் தாளில் வைத்து வரைந்து, வீங்கிய மூட்டுக்களில் பேனையால் வட்டம் போட்டேன். போனில் எடுத்த படங்களைத் தேதி வாரியாக ஒதுக்கி வைத்தேன். கல்யாணம், சாமத்தியம் என்று எடுத்த பழைய படங்களும் உதவின. காதில் தோடு தெரிகிற படமென்றால் காதும் தெரியும் அல்லவா. தாள் முழுவதையும் எளிய ஆங்கிலத்தில் எழுதினேன், ஒரே பக்கத்தில். இரண்டு பக்கம் இருந்தால் யாரும் புரட்டமாட்டார்கள்.

முதல் பஸ் ஹட்டனுக்கு, பிறகு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. கண்டி பஸ் நிலையத்தில் இறங்கும்போதே அம்மாவுக்குக் கால் மரத்திருக்கும். தூரப் பயணம் போகிற நோயாளிக்கு மாத்திரையைப் பஸ்ஸில் எடுக்கத் தோதாக உணவோடு கட்டிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டு எங்கள் மாமி ஒருவர் வயிற்றில் இரத்தம் கசிந்து படுத்திருக்கிறார்.

அன்று எங்களைப் பார்த்தவர் இளம் டொக்டர், சிங்களவர். தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். "அம்மே, கையை மேசையில் வைங்க" என்று ஓட்டைத் தமிழில் சொன்னார். விரலை ஒவ்வொன்றாகத் திருப்பினார். முந்தானையை விலக்கச் சொன்னார். காது, மூக்கு, கண்ணிமை, வாய்க்குள், நாக்கு. நக வேரைச் சுற்றி வரிசையாக நின்ற மொட்டுக்களைக் காட்டிப் பக்கத்து அறையிலிருந்த பெரிய டொக்டரைக் கூப்பிட்டு வந்தார். பவள மணி கோத்த மாதிரி நகத்தைச் சுற்றி வருகிற அந்த வரிசை இந்த நோய்க்கே உரிய அடையாளமாம். நாங்கள் அதை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர்கள் உடனே பெயர் சொல்லவில்லை. எது எது இல்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது; வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிற விதமாக இருந்தது. ருமட்டோயிட் கட்டி என்றால் பெரும்பாலும் முழங்கையில் வரும், தோலுக்கு அடியில் கிடக்கும். இது நகத்தருகில், தோலிலேயே இருக்கிறது. கவுட் என்றால் யூரிக் அமிலம் கூடும், கட்டிக்குள் சுண்ணாம்பு போல வெள்ளையாக வரும், இதில் இல்லை. சொரியாசிஸ் என்றால் செதில் உரியும், நகத்தில் குழி விழும், அதுவும் இல்லை. டெர்மடோமயோசைட்டிஸிலும் மொளியில் தடிப்பு வரும், ஆனால் தோளும் தொடையும் பலவீனப்படும். அம்மா கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பிக் காட்டினார். கொழுப்புக் கட்டியா என்று பார்க்கக் கொலஸ்ட்ரோல். பிறகு கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுனி மூட்டுக்களில் எலும்பின் ஓரம் கடித்தெடுத்தது போலக் குறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக பயொப்சி, அதாவது கட்டியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பது.

பயொப்சி என்றவுடன் அம்மா பின்வாங்கினார். கத்தி வைத்தால் பரவும் என்று மலையில் எல்லோரும் நம்புகிறார்கள். மிஸ்ஸி (தாதி) ஒருவர், கண்டித் தமிழ்ப் பெண், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்: மரக்க வைக்கிற ஊசி மட்டும்தான் கொஞ்சம் வலிக்கும், எடுப்பது ஒரு பயறு அளவு, ஒன்றிரண்டு தையல், கையை நனைக்காமல் இருந்தால் சரி. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவும் இல்லை. எந்த இடத்தில் எடுப்பது என்பதைக் கேளுங்கள். நன்றாக வளர்ந்த, புதிதாக வந்த கட்டியில் எடுக்க வேண்டும். சொறிந்து புண்ணானதிலோ, ஸ்டீரொயிட் கிறீம் நாள்கணக்காகப் பூசியதிலோ எடுத்தால் விடை மங்கிவிடலாம். கிறீம் பூசியிருந்தால் எந்த இடத்தில், எத்தனை நாளாக என்று சொல்லிவிட வேண்டும்.

அறிக்கை வரச் சில வாரங்கள் பிடித்தன. பல கருக்கள் கொண்ட பெரிய செல்கள், தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கலான உட்பொருளோடு. சிறப்புச் சாயம் போட்டுப் பார்த்ததில் அவை உடம்பின் துப்புரவுச் செல் வகையைச் சேர்ந்தவை என்று உறுதியானது. அந்தச் செல்கள் காரணமின்றிக் கூடி, தோலில் கட்டியாகவும் மூட்டுச் சவ்வில் நெருப்பாகவும் இருக்கின்றன. இரண்டு நோய் இல்லை, ஒன்றே. 1937இலேயே இப்படி ஒரு நோயாளியை இங்கிலாந்தில் விவரித்திருக்கிறார்கள். இப்போதுள்ள பெயர் 1954இல் கோல்ட்ஸ், லேமன் என்ற இரு மருத்துவர்கள் வைத்தது. நாற்பதுகளிலுள்ள பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களில் மூட்டு முந்தும், தோல் பின்னால் வரும். அம்மாவுக்கு நடந்தது அப்படியே புத்தகப்படி. பெரிய டொக்டர் தன் சேவைக் காலத்தில் இதை நேரில் காண்பது இதுவே முதல் தடவை என்றார். மாணவர்கள் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா, "பாக்கட்டும் சாமி, பாத்தா அடுத்தவளுக்காவது சுருக்காச் சொல்லுவாங்க" என்றார்.

பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அடுத்ததைக் கேட்காமல் வந்துவிட வேண்டாம். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு உடம்பில் எங்காவது ஒரு புற்றுநோயும் இருக்கிறது, சில வேளை தோல் நோய்க்குப் பிறகுதான் வெளியே தெரிகிறது. ஆகவே தேடிப் பார்க்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துக்கான பாப் பரிசோதனை. கடைசி இரண்டையும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் வெட்கத்தால் அந்தப் பக்கம் போவதில்லை. அம்மா போன நாளில் பக்கத்து லயத்து இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு எதுவும் அகப்படவில்லை. வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மருந்தைப் பற்றி இதை மட்டும் வரி வரியாக வாசியுங்கள். அம்மாவுக்குக் கொடுத்தது மெதொட்ரெக்ஸேட். இது ருமட்டோயிட் வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கூடக் கொடுக்கிற மருந்து, ஆதலால் உங்களில் பலருடைய வீட்டில் இருக்கலாம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகும். உலகத்தில் அப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். மருந்து உறையில் எழுதியிருந்தது அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. நாங்கள் முருகன் படம் போட்ட நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைகளைச் சிவப்பில் வட்டமிட்டோம். அந்த வார அளவை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நான் வைத்துக்கொள்வேன். ஃபோலிக் அமிலம் வெள்ளிக்கிழமை. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வறட்டு இருமலோ வந்தால் அந்த வார மாத்திரையைப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு. குழந்தை பெறுகிற வயதிலுள்ள பெண் என்றால் முதலிலேயே டொக்டரிடம் சொல்ல வேண்டும், கருவுக்கு ஆகாது. தொடங்குவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள்; லயத்தில் நெருக்கமாக இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். பிறகு குறித்த தவணையில் ஈரலுக்கும் இரத்த அணுவுக்கும் பரிசோதனை. அந்த இரத்தத்தைக் கண்டியில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. கடிதம் கேட்டு வாங்கி, பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக்கொண்டோம். கேட்டால் தருகிறார்கள்.

ஸ்டீரொயிட்டைக் கொஞ்ச காலம் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. எலும்புக்காக வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட், வெறும் வயிற்றில் ஒரு கோப்பை தண்ணீரோடு. போட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, தேத்தண்ணி கூடக் கூடாது. அம்மாவுக்கு நோயைவிட அந்த அரை மணி நேரம்தான் பெரிய தண்டனை.

மாதங்கள் போகக் கட்டிகள் சுருங்கின. முகம் ஏறத்தாழத் தெளிந்தது. காலை இறுக்கம் குறைந்தது. ஆனால் எலும்பு கரைந்த இடம் கரைந்ததுதான். வலக்கையில் இரண்டு விரல்கள் குட்டையாகிக் கோணி நிற்கின்றன. இந்த நோய் பலரில் ஏழெட்டு வருடங்களில் தானே அடங்கிவிடும், ஆனால் அதற்குள் மூட்டைத் தின்றுவிடும் என்றார்கள். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு மதிப்பு. முதல் வருடத்திலேயே தோலும் மூட்டும் ஒரே மேசைக்கு வந்திருக்க முடியாது, தோலில் அப்போது ஒன்றுமில்லை. ஆனால் முதல் மொட்டு தெரிந்த மாதத்துக்கும் பயொப்சிக்கும் இடையில் போன காலம் போகாமல் இருந்திருக்கலாம் என்று அந்த இரண்டு விரல்களைப் பார்க்கும்போது தோன்றத்தான் செய்கிறது.

வேலை விஷயம். கொழுந்து எடுக்க முடியாது என்று வைத்தியச் சான்றிதழ் வாங்கி, தொழிற்சங்கத் தலைவர் மூலம் தோட்டத்தில் கொடுத்தோம். கொஞ்ச காலம் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) உதவி வேலை கிடைத்தது. அதுவும் கூடாமல் போனபோது ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கேட்டோம். பெண்களுக்கு 50 வயதில்தான் அந்தக் காசு என்று எல்லோரும் சொல்வார்கள். நிரந்தரமாக வேலை செய்ய இயலாமல் போனதென்று வைத்தியர் உறுதிப்படுத்தி வேலையை விட்டால் அதற்கு முன்பும் கோரலாம். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றும் தோட்டப் பதிவிலும் அட்டையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். எங்கள் ஆட்களின் பெயர் ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு விதமாகத்தான் இருக்கும். அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். அதற்குச் சத்தியக் கடதாசி முடிக்க எடுத்த பாடு தனிக் கதை.

இப்போது அம்மாவிடம் ஒரே கொப்பி. மற்றதையும் அதன் பின்னால் வைத்துத் தைத்துவிட்டேன். முன் அட்டையின் உட்பக்கத்தில் நோயின் பெயரை ஆங்கிலத்தில், டொக்டர் கையாலேயே எழுதி வாங்கி ஒட்டியிருக்கிறோம். பல் பிடுங்கப் போனாலும் காய்ச்சலுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுகிறார். அதற்குக் கீழே பயொப்சி இலக்கம். அறிக்கையின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. எடுத்த தோல் துண்டை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். வேறு டொக்டர் ஒருவர் மறுபடி பார்க்க விரும்பினால் அந்த இலக்கத்தைச் சொல்லி எடுப்பிக்கலாம், திரும்பவும் வெட்டத் தேவையில்லை. டொக்டர் மாறியபோது புதிதாக வந்தவர் அதைத்தான் கேட்டார். அறிக்கை வாங்கும்போதே போனில் படம் எடுத்து, அந்த இலக்கத்தைத் தனியாகவும் ஓரிடத்தில் எழுதி வையுங்கள்.